வேப்பில் ஏன் சிகரெட்டின் ருசி வருவதில்லை?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இரசாயனவியல் படிப்பிக்கிற ஒருவனை ஏன் புகைத்தலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள் என்று சிலர் யோசிக்கக்கூடும். ஒரு கேள்விதான் காரணம். அது இரண்டு பக்கத்திலிருந்தும் என்னிடம் வருகிறது. நெடுங்காலமாகச் சிகரெட் பிடித்த ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் கொடுத்த வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "மாஸ்டர், இதில புகையிலை எண்டுதான் போட்டிருக்கு. ஆனா சிகரெட்டின்ர ருசி துளியும் இல்லையே, ஏன்?" வகுப்பில் ஒரு பெடியன் கேட்கிறான்: "சேர், வேப் மாம்பழ வாசம்தானே அடிக்குது, சிகரெட் மாதிரி நாறுறேல்லையே, அது ஏன் கூடாது?" இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் கிடக்கிறது. நெருப்பில்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். எங்கள் செம்மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் புகையிலை விளைந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்திலேயே அது பெரிய வியாபாரம். இங்கிருந்து திருவிதாங்கூருக்கு வள்ளங்களில் போன புகையிலையால் எத்தனையோ நாற்சார் வீடுகள் எழும்பின. தோட்டத்தில் பச்சையாக நிற்கும் இலையைக் கசக்கி மணந்து பாருங்கள்: கையில் பசைபோல் ஒட்டும், ஒரு காரமான பச்சை நெடி வரும், அவ்வளவுதான். அதே இலையை வெட்டி, வாடவிட்டு, கொட்டிலுக்குள் கட்டித் தூக்கி, கீழே பொச்சுமட்டையை மூட்டிப் புகை போட்டு, பிறகு அடுக்கி வைத்துப் புளிக்கவிட்டால், சில வாரங்களில் இலை கறுத்து, கனத்து, வேறொரு மணம் கொள்ளும். சுருட்டுத் தொழில் தெரிந்தவர்கள் அந்த இலையை மூக்கருகில் கொண்டுபோன உடனேயே தரம் சொல்லிவிடுவார்கள். சரி, அந்தச் சுருட்டைப் பற்ற வைத்தபிறகு வரும் மணம் என்ன? அது பச்சை இலையின் மணமுமில்லை, பதப்படுத்திய இலையின் மணமுமில்லை. முற்றிலும் மூன்றாவது ஒன்று.

பனம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் விழுந்த பழத்துக்கு ஒரு வாசம் உண்டு. அதே பழத்தைத் தணலில் போட்டுச் சுட்டால் வரும் வாசம் நாலு வீட்டுக்கு அப்பாலும் தெரியும். அந்த வாசம் பழத்துக்குள் முன்கூட்டியே ஒளிந்திருக்கவில்லை. பழத்தின் சீனியையும் புரதக் கூறுகளையும் கொண்டு நெருப்புத்தான் அதைச் செய்தது. சிகரெட்டிலும் நடப்பது இதுதான். அதில் இன்னும் கடுமையாக நடக்கிறது.

எரிகிற சிகரெட்டின் நுனியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சும்மா விரலிடுக்கில் வைத்திருக்கும்போது அந்தத் தணல் ஏறத்தாழ 600 பாகை செல்சியசில் இருக்கிறது. ஒரு இழுவை இழுத்தால் 900 பாகையைத் தொடுகிறது. ஆனால் ருசியின் பெரும்பங்கு தணலில் பிறப்பதில்லை. தணலுக்குச் சற்றுப் பின்னால், மில்லிமீற்றர் கணக்கில் ஒரு சின்ன வலயம் இருக்கிறது. அங்கே வெப்பம் உண்டு, ஆனால் ஒட்சிசன் போதாது. முழுதாக எரிய முடியாமல் இலை வெந்து, கருகி, உடைகிறது. இலையிலுள்ள சீனியும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று தாக்கமுற்றுப் பைரசீன், பிரிடீன் போன்ற சேர்வைகளைத் தருகின்றன. வறுத்த கச்சானின் மணத்துக்கும் இந்தப் பைரசீன்கள்தான் காரணம். இலை நரம்பிலும் தண்டிலும் உள்ள இலிக்னின் உடைந்து குவாயக்கோல் முதலான பீனோல்கள் வருகின்றன. புகை நெடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். இலையைப் பதப்படுத்தும்போது அதன் மஞ்சள் நிறப்பொருள்கள் சிதைந்து உண்டான மெல்லிய வாசனைகளும் புகையோடு ஏறி வருகின்றன. அவற்றில் ஒன்று ரோசாப்பூவிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் எண்ணினால் சிகரெட் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. ருசி தருகிற பட்டியலும் கொல்லுகிற பட்டியலும் தனித்தனியாக அச்சிட்டவை அல்ல, நேயர்களே. ஒரே நெருப்பு ஒரே மூச்சில் இரண்டையும் செய்கிறது.

இனி வேப்பைத் திறந்து பார்ப்போம். உள்ளே ஒரு மின்கலம், ஒரு சின்னக் கம்பிச் சுருள், சுருளைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். திரவத்தில் நாலு சாமான்: புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரோல், நிக்கொட்டின், வாசனைப் பொருள்கள். சுருள் ஒழுங்காக வேலை செய்தால் பெரும்பாலும் 200, 300 பாகை அளவில் நிற்கும். அங்கே எதுவும் எரிவதில்லை. திரவம் நுண்துளிகளாகப் பறக்கிறது. வெள்ளையாகத் தெரிகிறதே, அது புகை இல்லை, கிளிசரோல் துளிகளின் மூட்டம். கிளிசரோல் தன்பாட்டிலேயே இனிக்கும். ஆகவே எந்தச் சுவை ஊற்றினாலும் அடியில் ஒரு இனிப்பு இருந்துகொண்டேயிருக்கும். சிகரெட்டுக்குப் பழகிய நாக்கு முதல் இழுவையிலேயே முகம் சுளிப்பது அதனால்தான்.

அப்போது "புகையிலைச் சுவை" என்று போட்டு விற்கிற திரவத்தில் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் கச்சான் வாசம் தரும் அசற்றைல் பைரசீன், தும்பு முட்டாஸ் மணம் தரும் எதைல் மோல்ற்றோல், வனிலின், இப்படிப் பத்துப் பதினைந்து பொருள்கள். ஆயிரக்கணக்கானவை சேர்ந்து தந்த ஒன்றைப் பத்துப் பதினைந்தால் வரைந்து காட்டப் பார்க்கிறார்கள். உண்மையான புகையிலையை ஊறவைத்து வடித்தெடுத்த திரவங்களும் உண்டு. அவற்றை இழுத்தால் சுருட்டுக் கட்டை அவிழ்த்தபோது வருகிற இலை மணம் வரும், பற்ற வைத்த சுருட்டின் மணம் வராது. கருகல் நெடியையும் சேர்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். குவாயக்கோல் போன்றவற்றைச் சிறிதளவு சேர்க்கிறார்கள்தான். ஆனால் உண்மையான சிகரெட் புகையைக் கிட்ட வர வேண்டுமென்றால் தாரையும் பீனோல்களையும் அள்ளிக் கொட்ட வேண்டும். அப்படிச் செய்தால் வேப்புக்கும் சிகரெட்டுக்கும் என்ன வித்தியாசம்?

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. வெளிநாடுகளில் இலையை எரிக்காமல் 350 பாகை அளவில் சூடாக்கி மட்டும் இழுக்கிற கருவிகள் வந்திருக்கின்றன. அவற்றில் உண்மையான புகையிலைதான் போடுகிறார்கள். ஆனாலும் இழுத்துப் பார்த்தவர்கள் பலர் சோளப்பொரி மாதிரி, அவித்த சாமான் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். இலை அசல், நெருப்பு மட்டும் இல்லை. ருசியும் மாறிவிட்டது.

நாக்கு, மூக்கு ஒரு பக்கம் இருக்க, தொண்டையையும் மறந்துவிடக் கூடாது. புகைப்பவர்கள் ருசி என்று சொல்வதில் பாதி தொண்டையில் விழுகிற அந்தக் குத்து. நிக்கொட்டின் காரத்தன்மையானது, கசப்பானது, தொண்டையை அரிப்பது. எங்கள் ஊர் முதியவர்கள் சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் வைத்து விடுவதைக் கவனித்திருப்பீர்கள். சுருட்டுப் புகை பொதுவாகக் காரத்தன்மை கூடியது. அதிலுள்ள நிக்கொட்டின் வாய்த்தோலினூடாகவே உடலுக்குள் போய்விடும். சிகரெட் இலையில் சீனி கூடுதல், ஆகவே புகை சற்று அமிலமாக இருக்கும். அதனால்தான் அதை நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள். வேப்பில் முதலில் வந்த திரவங்கள் தொண்டையைக் கிழித்தன. பிறகு பென்சோயிக் அமிலத்தைச் சேர்த்து நிக்கொட்டினை உப்பாக்கினார்கள். 2015இல் அமெரிக்காவில் ஜூல் என்ற வேப் அப்படித்தான் சந்தைக்கு வந்தது. தொண்டைக்குக் குத்துத் தெரியாது, நிக்கொட்டின் மட்டும் நிறைய ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டின் இருக்கக் கூடாது என்று சட்டம். அமெரிக்காவில் விற்ற ஜூலில் அது கிட்டத்தட்ட 59.

எனக்கு உள்ளபடி கோபம் வருகிற இடம் இதுதான். முதல் சிகரெட்டை இழுத்த எவரையும் கேட்டுப் பாருங்கள். இருமினோம், தலை சுற்றியது, வாந்தி வந்தது என்பார்கள். அந்தக் கசப்பும் கரகரப்பும் பிள்ளையைத் தடுக்க உடம்பு போட்ட வேலி. எத்தனையோ பேர் அந்த வேலியைத் தாண்டாமலே திரும்பிவிட்டார்கள். சிகரெட்டின் ருசியைப் போத்தலில் அடைக்க முடியாத கம்பனிகள் மாம்பழத்துக்கும் ஸ்ட்ரோபெரிக்கும் பபிள்கம்முக்கும் போனபோது, அந்த வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். ஐம்பது வயதுப் புகைகாரருக்குப் பபிள்கம் சுவை எதற்கு? யாருக்காகச் செய்தது என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் மென்தோல் தவிர்ந்த சுவையூட்டிய சிகரெட்டுகளை 2009இலேயே தடை செய்தார்கள். இலங்கையிலும் 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி புகையிலை கொண்ட சுவையூட்டிய சிகரெட்டுகளும் மின்சிகரெட்டுகளும் தடை. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். ஆனாலும் பயணப்பெட்டிகளில் வருகிறது, கைமாறுகிறது.

"சாப்பிடுகிற சாமானில் போடுகிற வாசனைதானே" என்று பெடியன்கள் சொல்வார்கள். வயிறும் நுரையீரலும் ஒன்றில்லை. வெண்ணெய் மணம் தரும் டைஅசற்றைல் சாப்பாட்டில் பிரச்சினையில்லை. ஆனால் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், 2000ஆம் ஆண்டளவில், பொப்கோர்ண் ஆலையொன்றில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் தழும்பேறி அடைபட்டன. சில வேப் திரவங்களில் அதே பொருள் இருந்தது சோதனைகளில் தெரியவந்தது. எங்கள் கறுவாவின் மணத்தைத் தரும் சின்னமல்டிகைட்டு, மூச்சுக்குழாயைச் சுத்தப்படுத்துகிற நுண்மயிர்களின் அசைவைக் குறைக்கிறது. சுருள் அளவுக்கு மீறிச் சூடானால் கிளிசரோலே உடைந்து போமல்டிகைட்டும் அக்ரோலினும் தரும். சிகரெட்டோடு ஒப்பிட்டால் நச்சுகள் குறைவு, காபனோரொட்சைட்டு கிட்டத்தட்ட இல்லை. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு ஏற்கனவே புகைப்பவருக்குத்தான் பொருந்தும். பதினைந்து வயதுப் பிள்ளை வேப்பை ஒப்பிட வேண்டியது வெறும் காற்றோடு.

ஏற்கனவே புகைப்பவர்களுக்கும் ஒரு சொல். புகை உங்கள் மூக்கை மழுங்கடித்திருக்கிறது. வேப் சப்பென்று தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். சிகரெட்டை விட்டால் மணம் அறிகிற திறன் மெல்ல மெல்லத் திரும்பும். கறி தாளிக்கிற மணம் படலையிலேயே தெரியத் தொடங்கும். அப்போது சிகரெட் வாசம் அடிக்கிற ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால் உங்களுக்கே தாங்காது. விட நினைப்பவர்கள் அந்த ருசியை வேறெதிலும் தேடித் திரிய வேண்டாம், அது நெருப்பைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. வைத்தியரிடம் போய் நிக்கொட்டின் மாற்றுச் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் பெடியன்கள் களவாகச் சிகரெட் பிடித்துவிட்டுக் கொய்யா இலையைச் சப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அப்படி வந்தும் அம்மாமார் பிடித்துவிடுவார்கள். ஏனென்றால் பீனோல்களும் தாரும் விரலிலும் சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்ளும், இலகுவில் போகாது. வேப்பின் வாசம் சில நிமிடத்தில் கலைந்துவிடும். மிஞ்சினாலும் இனிப்புச் சாப்பிட்ட மாதிரித்தான் இருக்கும். ஆகவே மூக்கை நம்பியிருக்க வேண்டாம். பென் டிரைவ் போலவும், ஹைலைட்டர் பேனை போலவும், உதட்டுச்சாயம் போலவும் இருக்கிற கருவிகளைக் கண்டால் என்னவென்று கேளுங்கள். சத்தம் போடாமல் கேளுங்கள். சத்தம் போட்டால் அடுத்தமுறை நீங்கள் காண மாட்டீர்கள்.

கடைசியாக, சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு. பனி விழுந்த காலையில் ஈரப் புகையிலைக்குள் நின்று வேலை செய்தவர்களுக்குத் தலை சுற்றி, ஓங்காளித்து, வாந்தி வருவது புகையிலைத் தோட்டங்களில் நடக்கிற விடயம். ஈரத்தில் கரைந்த நிக்கொட்டின் தோலினூடாக உள்ளே போவதால் வருவது அது. வேப் திரவத்தில் அதே நிக்கொட்டின் செறிவாக, பழ வாசத்தோடு, சின்னப் போத்தலில் இருக்கிறது. குழந்தை அதை இனிப்புப் பாணி என்று நினைத்து வாயில் வைக்கும். அப்படி ஏதும் நடந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். தோலில் பட்டிருந்தால் தண்ணீரால் கழுவி, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எவ்வளவு நிக்கொட்டின் என்று போத்தலில் அச்சடித்திருக்கும், வைத்தியருக்கு அது வேண்டும்.

நன்றி, வணக்கம்.