சிப்ஸ் பொட்டலமும் சிகிச்சை இலக்கும்

நேயர்களுக்கு வணக்கம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் ஆகிய, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதிகளிலிருந்து வரும் பள்ளிப் பிள்ளைகளோடு பல ஆண்டுகளாகப் பணிபுரியும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்குமுன் எழுதப்படும் இலக்கைப் பற்றி மட்டுமே இன்று பேச வந்திருக்கிறேன். அந்த ஒரு வரி சரியாக அமையாவிட்டால், பின்னால் செலவழியும் மாதங்களும் பணமும் பிள்ளையின் பொறுமையும் வீணாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்றும் செயல்வழிச் சிகிச்சை என்றும் சொல்கிறார்கள். முதற்பெயரைக் கேட்ட தாத்தா ஒருவர், “ஏழு வயதுப் பிள்ளைக்கு என்னம்மா தொழில்?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சீருடை உடுத்துவது, காலணிக் கயிறு கட்டுவது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உண்பது, பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவது, இடைவேளையில் மற்றப் பிள்ளைகளோடு ஆடுவது ஆகியவையே பிள்ளையின் தொழில். தன் நாளைத் தானே நடத்திக்கொள்ளப் பிள்ளை செய்யவேண்டியவை இவை. ஆகவே, இலக்கும் இவற்றுக்குள்ளிருந்துதான் பிறக்க வேண்டும்.

என் பணியின் தொடக்க ஆண்டுகளில் இதை நான் சரியாகச் செய்யவில்லை. கையெழுத்து புரியவில்லை என்று இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை அனுப்பியிருந்தார்கள். அவனுடைய அறிக்கையில், “விரல்களின் நுண்ணியக்கத் திறன் மேம்பட வேண்டும்” என்று எழுதினேன். ஆறு மாதங்களுக்குப் பின் அவனுடைய தாயார் வந்து, “மேம்பட்டுவிட்டதா?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மணிகளை முன்னைவிட வேகமாகக் கோத்தான் என்பது உண்மை. ஆனால் அவன் பள்ளி நாளில் என்ன மாறியது என்பதை அந்த வரியை வைத்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

அன்றுதான் அவனிடமே கேட்டேன். பள்ளியில் உனக்குக் கடினமாக இருப்பது எது, எதை நீயாகவே செய்ய ஆசை என்று கேட்டேன். கையெழுத்தைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. டக் ஷாப்பில், அதாவது பள்ளித் தின்பண்டக் கடையில், வாங்கும் சிப்ஸ் பொட்டலத்தைத் தன்னால் திறக்க முடிவதில்லை என்றும், பெரிய வகுப்புப் பையன்களிடம் கொடுத்தால் திறந்து தருவதற்குக் கூலியாக ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் அனுபவித்த இழப்பு அது. எங்கள் மதிப்பீட்டுத் தாள்களில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

இலக்கை மாற்றி எழுதினோம். “இரண்டாம் பருவம் முடிவதற்குள், இடைவேளையில், தான் வாங்கிய சிப்ஸ் பொட்டலத்தை, பிறர் உதவியின்றி, ஐந்து நாட்களில் நான்கு நாட்களாவது தானே திறப்பான்.” யார் செய்வது, எதைச் செய்வது, எந்த இடத்தில், எவ்வளவு உதவியோடு, எத்தனை முறை, எந்த நாளுக்குள் என்ற ஆறும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. தாயார், ஆசிரியர், சிறுவன் ஆகிய மூவரில் எவரும் “ஆயிற்று” அல்லது “இன்னும் ஆகவில்லை” என்று தடுமாறாமல் சொல்லிவிடலாம். இலக்கு எழுதுமுன் இன்றைய நிலையையும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அவன் விஷயத்தில் அது ஐந்து நாட்களில் ஒரு நாள்கூட இல்லை. தொடங்கிய இடம் தெரியாவிட்டால் வந்து சேர்ந்த தூரமும் தெரியாது.

பொட்டலத்தைத் திறப்பது அற்பமான காரியம் என்று எண்ண வேண்டாம். இரு கைகளின் பெருவிரலும் சுட்டுவிரலும் விளிம்பைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். இரு கைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்க வேண்டும். உள்ளிருப்பது சிதறாதபடி விசையை அளந்து நிறுத்த வேண்டும். நான் மணி கோக்க வைத்துத் தேடிய விரல் வலிமையெல்லாம் இதிலேயே இருந்தது. எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொட்டலம் திறக்கக் கற்ற கை, தானாகவே நன்றாக எழுதத் தொடங்கிவிடாது. எழுத்து திருந்த வேண்டுமானால் எழுதித்தான் பழக வேண்டும். ஆகையால் எழுத்துக்குத் தனி இலக்கு வைத்தோம்: காலை வகுப்பில் பலகையிலுள்ள மூன்று வரிகளைப் பத்து நிமிடத்தில், ஒரே ஒரு நினைவூட்டலோடு, ஆசிரியர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுவான் என்பது அது.

“படித்துப் புரிந்துகொள்ளும்படி” என்பதைக் கவனியுங்கள். “பென்சிலை மூன்று விரலால் பிடிப்பான்” என்ற இலக்கை இன்றும் பல அறிக்கைகளில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருந்துகிறேன். வளர்ந்த பிள்ளைகளிடம் காணப்படும் நான்கு விதப் பிடிகளை ஆராய்ந்தவர்கள், எழுத்தின் தெளிவிலோ வேகத்திலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. கை வலிக்காமல், தெளிவாக, தேவையான வேகத்தில் எழுதும் பிள்ளையின் விரல்களை மாற்றியமைக்க நாம் போராட வேண்டியதில்லை. அதற்கு முன் நாற்காலியைப் பாருங்கள். கால்கள் தரையில் படாமல் தொங்கும் பிள்ளைக்கு, காலடியில் ஒரு சிறு பலகை வைத்தாலே பாதித் தொல்லை தீரலாம்.

பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறிவதற்கு ஒழுங்கான கருவிகள் உண்டு. 1991-இல் கனடாவில் வெளிவந்த செயல்திறன் அளவீடு ஒன்றை உலகெங்கும் தெரபிஸ்டுகள் பயன்படுத்துகிறார்கள். பிள்ளையோ பெற்றோரோ தமக்கு முக்கியமான செயல்களைத் தேர்ந்து, அதை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறோம், அதில் எவ்வளவு மனநிறைவு என்று ஒன்று முதல் பத்து வரை எண் கொடுப்பார்கள். சிகிச்சைக்குப் பின் மறுபடியும் கேட்கும்போது எண் இரண்டு அல்லது அதற்குமேல் உயர்ந்திருந்தால், அது பொருளுள்ள மாற்றம் என்று கொள்வது வழக்கம். எண்ணால் சொல்லத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு இணைப் படங்களைக் காட்டி, “இவர்களில் யார் உன்னைப் போல?” என்று கேட்கும் முறையும் இருக்கிறது. கேள்வி எந்த மொழியில் கேட்கப்படுகிறது என்பதும் முக்கியம். பள்ளியில் ஆங்கிலத்தில் வாய் திறவாத பிள்ளை, ஆயாவின், அதாவது பாட்டியின், மடியிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லைக் கேட்டதும் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இலக்கை முழுமையாக எட்டாத பிள்ளையைத் தோற்றவன் என்று குறித்துவிடக் கூடாது. 1968-இல் கிரெசுக், ஷெர்மன் என்ற இருவர் மனநல மையங்களுக்காக வகுத்த ஐந்துபடி அளவுகோல் இதற்கு உதவுகிறது. எதிர்பார்த்த நிலைக்குச் சுழியம். அதற்குமேல் இரண்டு படிகள், கீழே இரண்டு படிகள். ஒவ்வொரு படியிலும் பிள்ளை என்ன செய்வான் என்பதைத் தொடங்குமுன்பே எழுதிவிடுவதால், பின்னால் நம் விருப்பத்துக்கேற்பக் கணக்கை வளைக்க முடியாது. ஐந்தில் நான்கு நாள் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டு நாள் முடிந்தால், அந்த இரண்டு நாளும் கணக்கில் ஏறும்.

இனி வீட்டைப் பற்றி. காலை ஆறரை மணிக்கு வாகனம் வாசலில் நிற்கும். ஆயா குனிந்து பேரனின் காலணிக் கயிற்றைக் கட்டிவிடுவார். அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் “கயிறு கட்டக் கற்பான்” என்ற இலக்கு அந்த ஆறரை மணியில்தான் உடைகிறது. ஆகவே, கடைசிப் படியிலிருந்து தொடங்கச் சொல்லுகிறேன். ஆயா முழுவதையும் கட்டிவிட்டு, இறுதியில் இரு சுருக்குகளையும் இழுத்து இறுக்குவதை மட்டும் பிள்ளைக்கு விட வேண்டும். அது கைவந்ததும், அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விட வேண்டும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் பிள்ளையாகவே இருப்பான். பரபரப்பான காலையில் வேண்டாம் என்றால், சனிக்கிழமை மாலையில் பழகலாம். இலக்கு பயிற்சி அறையில் நிறைவேறி வீட்டில் நிறைவேறாவிட்டால், அதை நிறைவேறியதாக நான் குறிப்பதில்லை.

ஓசையைத் தாங்க முடியாத பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கு, “இருபது நிமிடம் அசையாமல் உட்காருவான்” என்று இலக்கு எழுதுவது பெரியவர்களின் வசதிக்காகத்தான். அசையாதிருக்கும் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறான் என்று பொருளில்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தைப்பூசக் காவடிக்குக் குடும்பத்தோடு போக ஆசைப்பட்டாள். மேள ஓசை அவளை அழவைத்தது. “சத்தம் அதிகமாகும்போது கையைக் காட்டிச் சொல்லுவாள், காதுறை அணிந்து, கூட்டத்தின் ஓரத்தில், தந்தையோடு பதினைந்து நிமிடம் நிற்பாள்” என்று எழுதினோம். கையைக் காட்டிச் சொல்லும் அதே பழக்கம், பின்னர் பள்ளியில் எல்லோரும் கூடும் கூட்டத்திலும் அவளுக்குப் பயன்பட்டது.

பள்ளியின் பங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் 2001-இல் வந்த ஆறாம் வெள்ளை அறிக்கை என்னும் அரசின் கல்விக் கொள்கை ஆவணம், எல்லாப் பிள்ளைகளையும் உள்ளடக்கும் கல்வியைக் கொள்கையாக்கியது. ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதற்கான 2014-இன் சியாஸ் (SIAS) கொள்கைப்படி, வகுப்பாசிரியரே முதற்படிவத்தை நிரப்பி, பெற்றோரோடு சேர்ந்து தனி ஆதரவுத் திட்டம் வகுக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதப்படும் ஒவ்வோர் இலக்கையும் காட்டி, “இது நிறைவேறிவிட்டது என்பதை எந்த இடத்தில், எதைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வரியைத் திருத்தி எழுதச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரு பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று இலக்குகள் போதும். பன்னிரண்டு இலக்குகள் எழுதிய தாளை அடுத்த மாதம் எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

சிப்ஸ் பொட்டலம் கேட்ட சிறுவன், பருவம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே ஐந்து நாளும் தானே திறந்தான். எழுத்து இலக்கில் எதிர்பார்த்ததற்கு ஒரு படி கீழே நின்றான். அதை அடுத்த பருவத்துக்குக் கொண்டுபோனோம். புதிதாக எதைச் சேர்ப்பது என்று கேட்டபோது, “நீச்சல் வகுப்பு முடிந்ததும் சட்டைப் பொத்தான்களை மற்றவர்கள் போட்டு முடிப்பதற்குள் நானும் போட்டு முடிக்க வேண்டும்” என்றான். அவன் சொன்னபடியே எழுதினோம்.

வணக்கம்.