தக்காளி விதை வாங்கும் முன் காலண்டரைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. பின்னால் மழைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், சென்னையில் காலையிலிருந்து விட்டபாடில்லை. மாடித் தோட்டத்தில் இன்று வேலை ஓடாது. அதனால் விதை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எந்தத் தக்காளி நன்றாகக் காய்க்கும்?" வாராவாரம் வரும் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது விதைக்கப் போகிறீர்கள்?

இரண்டு வருடம் முன்னால் ஆன்லைனில் ஒரு பாக்கெட் வாங்கினேன். ஒரு பழமே கால் கிலோ வரும் என்பது போலப் படம். பின்பக்கம் 85 நாள் என்று போட்டிருந்தது. பொங்கல் முடிந்த கையோடு விதைத்தேன், ஏப்ரலில் பழம் பறிக்கலாம் என்று கணக்கு. செடி என் தோள் உயரத்துக்கு வந்தது. பூத்ததோ மார்ச் கடைசியில். காலையில் போய்ப் பார்த்தால் செடி வைத்த பைக்குள் பூ மஞ்சள் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். பூக்காம்பில் நடுவே ஒரு கணு இருக்கும் பாருங்கள், சரியாக அந்த இடத்தில் ஒடிந்திருக்கும். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்க வைத்த தேமோர் கரைசல் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மொத்தம் மூன்று காய். அதில் ஒன்று அணிலுக்கு.

தப்பு என்னுடையதுதான். பாக்கெட்டில் போடும் நாள் பெரும்பாலும் நாற்றைப் பிடுங்கி நட்டதிலிருந்து எண்ணுவது. நாற்றங்காலில் இருக்கும் 25 நாளை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் ராத்திரி வெயில்! ஆமாம், சிரிக்காதீர்கள். தக்காளிப் பூவுக்குப் பகல் வெயிலோடு இரவுப் புழுக்கமும் ஆகாது. இரவு 24 டிகிரிக்கு மேலே போனால் மகரந்தம் கெட்டு, காய் பிடிப்பது குறையும். சென்னையில் ஜனவரி இரவு 21 டிகிரி போல இருக்கும், ஏப்ரலில் 26. அப்புறம் எந்தக் கரைசலை ஊற்றி என்ன?

அதனால் நான் பங்குனியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். மார்ச் நடுவுக்குள் செடியில் காய் பிடித்து முடிந்திருக்க வேண்டும். கார்த்திகை முதல் வாரம் விதை, மார்கழி பிறக்கும்போது நடவு. அதற்கு முன்னால் நட்டால் அடைமழையில் வேர் அழுகும்.

இப்போது டப்பாவுக்கு வருவோம். இது கோ 3 என்ற ரகம், மருதம் என்றும் சொல்வார்கள். விதைத்ததிலிருந்து மொத்த வயதே 100, 105 நாள்தான். குட்டையாக நிற்கும், நெருக்கி நடலாம். நவம்பர் 20 விதைத்தால் மார்ச் முதல் வாரத்தில் கதை முடிந்துவிடும். ஆனால் பழம் எல்லாம் சேர்ந்தாற்போல வரும். தொக்கு கிளறுகிறவர்களுக்குக் கொண்டாட்டம், தினமும் ரசத்துக்கு இரண்டு பழம் போதும் என்கிறவர்களுக்குத் தலைவலி.

இது பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. வயது 135 நாள். அதே நவம்பர் 20 விதைப்பு ஏப்ரல் 4 வரை இழுக்கும், வெயிலின் வாசலைத் தொட்டுவிட்டு நிற்கும். இதன் பழத்தில் காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள் ஒன்று உண்டு. அது சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அடிப்பக்கம் கனிந்து தொளதொளத்துவிடும். இதை அடியைப் பார்த்துத்தான் பறிக்க வேண்டும்.

பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் 140 நாள். ஹைப்ரிட், இதிலிருந்து எடுத்து வைக்கும் விதை அதே குணத்தோடு வராது. ஆனால் இலைச்சுருள் நோயைத் தாங்கும், அதற்காக இரண்டு பை ஒதுக்குவேன். செர்ரித் தக்காளி ஒரே ஒரு பை போதும். பொடிப் பழம், சீக்கிரம் பழுக்கும், வெயிலிலும் மற்றவை கைவிடும்போது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

போன வருடம் ஒரு வேலை செய்தேன். பூ விரிந்த அன்றே அந்தக் கொத்தில் உல்லன் நூல் கட்டி, தேதியை நோட்டில் எழுதினேன். கோ 3 சிவப்பு நூல், ஜனவரி 6. பிப்ரவரி 17 அன்று அடியில் ரோஜா நிறம் தட்டியது, 42 நாள். அந்த நிலையிலேயே பறித்துவிடுவேன். பழுக்க வேண்டியது சமையலறைக் கூடையில் பழுத்துக்கொள்ளும், அணிலுக்கும் பங்கு போகாது. மார்ச் வெயிலில் செடியிலேயே விட்டால் சிவப்பு ஏறாமல் ஆரஞ்சாக நின்றுவிடும். 30 டிகிரிக்கு மேலே அந்தச் சிவப்புச் சத்து சரியாக உருவாகாது.

சரி, இந்த வருடம் நான்கு கோ 3, மூன்று பி.கே.எம்., இரண்டு ரக்ஷக், ஒரு செர்ரி. ஐஸ் குச்சியில் பெயர் எழுதிவிட்டேன். பேனாவில் எழுதாதீர்கள், மழையில் அழியும், பென்சில்தான். மை அழிந்து, எது எந்த நாற்று என்று தெரியாமல் முழித்த கதை இன்னொரு நாள். நூலும் வாங்கியாயிற்று, இந்தத் தடவை செர்ரிக்குப் பச்சை வேண்டாம், இலையோடு கலந்து கண்ணுக்கே தெரியவில்லை.