ஒரு பல் மருத்துவமனை கைமாறுகிறது

நேயர்களுக்கு வணக்கம். 1988-இல் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அறை பிடித்து, யாரோ உட்கார்ந்து பழகிய பழைய நாற்காலி ஒன்றைச் சென்னையிலிருந்து லாரியில் ஏற்றிவந்து பல் வைத்தியம் தொடங்கினேன். போன வருடம் அந்த மருத்துவமனையை ஓர் இளம் டாக்டரம்மாவிடம் ஒப்படைத்தேன். சொந்தக்காரர் இல்லை. என் பிள்ளைகள் இருவரும் வேறு படிப்புப் படித்துவிட்டார்கள்.

மாடியில் தொடங்கியது தப்பு. 18 படிகள். பல்செட் கட்டிக்கொள்ள வருகிற வயதில்தான் முட்டிவலியும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாடகை குறைவு என்று பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்துப் பக்கத்துத் தெருவில் தரைத்தளத்துக்கு மாறினேன். அதற்கப்புறம்தான் பாட்டிகளும் தாத்தாக்களும் வரத் தொடங்கினார்கள். அவர்களோடு பேரப்பிள்ளைகளும் வந்தார்கள்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இரண்டாவது நாற்காலி வாங்கலாம் என்றார்கள் நண்பர்கள். நான் கருவிகளில் உள்ள கிருமிகளைக் கொல்லும் ஆட்டோக்ளேவ் வாங்கினேன். உங்கள் வீட்டுக் குக்கர் மாதிரிதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகாது. சில கிருமிகளின் வித்துகள் அதைத் தாங்கிக்கொள்ளும். மூடி வைத்து நீராவியை அழுத்தினால் 121 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் 15 நிமிடம் வைத்தால் அவையும் சாகும். அந்தக் காலத்தில் கருவிகளை வெந்நீரில் கொதிக்கவைத்து எடுப்பதே பல இடங்களில் வழக்கம். புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பி, தங்கைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் சொல்கிறேன்: சுவரில் ஒட்டும் கிரானைட் பிறகு. முதலில் இது.

சரி, இப்போது நோயாளிகளைப் பற்றிக் குறித்துவைக்கும் அட்டை விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் முக்கியமாக வந்தேன்.

எங்கள் ஊர் வெற்றிலைச் சீவலுக்குப் பேர்போன ஊர். உட்கார்ந்து வாயைத் திறந்தாலே கறை தெரியும். புகையிலை போடாமல் வெறும் பாக்கு மென்றாலும் வாய்ப்புற்று வரலாம் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட விஷயம். அதனால் யார் எதற்காக வந்தாலும், பல்லை மட்டும் பார்த்து அனுப்பமாட்டேன். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் என்று எல்லாவற்றையும் பார்த்து அட்டையில் எழுதுவேன். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. ஊசி என்றால் மயக்கம் வரும், சர்க்கரை உண்டு, மருமகளோடுதான் வருவார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சீவல் வியாபாரி ஒருவர், 20 வருடப் பழக்கம். அவர் அட்டையில் ஒரு வரி: ‘இடது கன்னம் உள்ளே வெள்ளைத் திட்டு, கடலைப்பருப்பு அளவு, வழவழப்பு, வலி இல்லை.’ தேதியும் போட்டிருந்தேன். பயாப்ஸி, அதாவது துளி சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்தபோது பயப்பட ஒன்றும் இல்லை. சீவலை விடச் சொன்னேன். குறைத்தார், விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பேன். ‘அப்படியே இருக்கிறது’ என்று அடுத்த வரி விழும். இப்படிப் பதினொரு வரிகள்.

டாக்டரம்மா என்னோடு சேர்ந்த முதல் வருடம், நான் ஊரில் இல்லாத ஒரு வாரம், அந்த வியாபாரி சொத்தைப் பல்லுக்காக வந்திருக்கிறார். டாக்டரம்மா முதலில் அட்டையை எடுத்துப் படித்தார். பிறகு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். கடலைப்பருப்பு, மொச்சைக்கொட்டை அளவாகியிருந்தது. ஓரம் சொரசொரப்பாகி, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அன்றைக்கே பயாப்ஸிக்கு எழுதிக் கொடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினார். தொடக்க நிலைப் புற்று. அறுவை சிகிச்சையோடு போயிற்று. இப்போது கடைக்கு வந்து கல்லாவில் உட்காருகிறார். சீவல் போடுவதில்லை.

அந்தத் திட்டு எனக்கு மட்டும் தெரிந்து, என் தலைக்குள்ளேயே இருந்திருந்தால்? புதிதாகப் பார்க்கிறவர் வெற்றிலை மெல்பவருக்கு இது சகஜம் என்று விட்டிருக்கலாம். நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே இன்று வளர்ந்திருப்பது தெரியும்? மருத்துவமனையைக் கைமாற்றும்போது எல்லாரும் நாற்காலிக்கும் எக்ஸ்ரே கருவிக்கும்தான் விலை பேசுகிறார்கள். பழைய நாற்காலிக்கு என்ன விலை வரும்? நான் ஒப்படைத்தது நான்கு மர அலமாரி நிறைய அட்டைகளை.

அட்டையை மட்டும் கொடுத்தால் போதுமா என்றால், போதாது. இரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். முதல் ஆறு மாதம் நான் பார்ப்பேன், அவர் பக்கத்தில் நிற்பார். பிறகு அவர் பார்ப்பார், நான் நிற்பேன். ‘பெரிய டாக்டர் இல்லையா?’ என்று வாசலிலேயே திரும்பப் போனவர்கள் உண்டு. ஒரு மாமி, “நீங்க பக்கத்துல உக்காருங்கோ, அந்தப் பொண்ணு பாக்கட்டும்” என்றார். உட்கார்ந்தேன். நான்காவது தடவை வந்தபோது நான் இருக்கிறேனா என்று அவர் கேட்கவேயில்லை. அன்றைக்குத்தான் பெயர்ப்பலகையில் டாக்டரம்மாவின் பெயரை மேலே எழுதச் சொன்னேன்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். காகித வேலைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தனியார் மருத்துவமனைகளுக்கான 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி எடுக்கும் மருத்துவமனைப் பதிவு, எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் எடுக்கும் பதிவு, மருத்துவக் கழிவு எடுத்துப்போகிறவர்களோடு உள்ள ஒப்பந்தம், வாடகைப் பத்திரம் எல்லாம் பழைய பெயரிலேயே கிடக்கும். மாதக்கணக்கில் இழுக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

இன்னும் ஒன்று. முன்பணம் வாங்கிப் பாதியில் நிற்கிற வேலைகளை யார் முடிப்பது, காசு யாருக்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலில் 17 பேர் இருந்தார்கள். 16 பேருக்கு முடித்துவிட்டோம். மீதி ஒருவர் துபாயில் வேலை பார்க்கிறார். பொங்கலுக்கு வருகிறார்; வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு உறை போடவேண்டும். டாக்டரம்மாதான் போடுவார், நான் பக்கத்தில் இருப்பேன். வணக்கம்.