வழக்கு முடிந்தது என்பதற்குக் காகிதம் எங்கே?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் குற்றவியல் நீதிமன்றங்களில் எழுத்தராகவும், கடைசியில் தலைமை எழுத்தரான சிரஸ்தாராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழக்கறிஞர் அல்லன். பழைய வழக்கு உள்ளவர்கள் வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டவுடன் சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்த ஒரு விவசாயி.

பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர். மகள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறாள். பிரசவத்துக்கு அப்பாவும் அம்மாவும் போக வேண்டும். ஏஜென்ட் விசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்திருக்கிறது: எந்தக் குற்றத்துக்காகவாவது எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டா? இவர் தயங்கியிருக்கிறார். "இல்லை என்று போட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றாராம் ஏஜென்ட். அன்றிரவு இவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி என்னிடம் வந்துவிட்டார்.

1998ஆம் ஆண்டு பங்காளியோடு வரப்புத் தகராறு. கைகலப்பு, இரண்டு பக்கமும் புகார், வழக்கு. "ஐயா, அந்தக் கேஸ் அன்றைக்கே முடிந்துவிட்டதே. ஐந்நூறு ரூபாய் கட்டினேன், ரசீது கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒருநாள்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. அது எப்படி ஐயா தண்டனை ஆகும்?" என்று கேட்டார்.

அப்படிப்பட்ட ரசீதுகளை எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். வாய்தாவுக்கு வாய்தா கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பவரிடம், "ஒத்துக்கொள்ளப்பா, இன்றே முடிந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அவரும் தலையாட்டுவார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது சட்டப்படி தண்டனைதான். தொகை சிறியதாக இருக்கலாம். ஏட்டில் அது குற்றத்தீர்ப்பு என்றே ஏறும். இதை அவர்களிடம் எடுத்துச் சொன்னவர்கள் குறைவு. நானும் சொல்லவில்லை. அது இப்போது எனக்கு உறுத்துகிறது.

ஆகையால், பழைய வழக்கு உள்ளவர்கள் விசா விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்னால், வழக்கு எப்படி முடிந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 'முடிந்துவிட்டது' என்ற ஒரே சொல்லுக்குள் பல முடிவுகள் இருக்கின்றன. விசாரணை நடந்து விடுதலை ஆகியிருக்கலாம். இரு தரப்பும் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டிருக்கலாம்; சமரசத்துக்கு உரிய குற்றமாக இருந்தால் அதுவும் விடுதலைக்குச் சமம். போலீசார் விசாரித்துப் புகாரில் உண்மையில்லை என்று கோப்பை மூடியிருக்கலாம். உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்திருக்கலாம். அபராதத்தோடு முடிந்திருக்கலாம். முடியாமலேகூட இருக்கலாம்! வழக்கில் உள்ளவர் வாய்தாவுக்குப் போவதை நிறுத்தியிருப்பார், பிடிவாரண்ட் ஏட்டில் உயிரோடு இருக்கும். அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன்.

ஊரடங்குக் காலத்தில் வண்டியில் வெளியே போனதற்கு நம் ஊரில் எத்தனை பேர்மீது வழக்குப் போட்டார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்ததே, போதாதா என்று கேட்கிறார்கள். நீதிமன்றத்துக்கு வந்துவிட்ட வழக்கை அரசுத் தரப்பு திரும்பப் பெற வேண்டுமானால் நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். உங்கள் வழக்கு எண்ணுக்கு நேரே அந்த உத்தரவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எருது விடும் விழாத் தள்ளுமுள்ளுவில் பெயர் சேர்ந்துபோன இளைஞர்களும் இதேபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பது கடினமில்லை. 'இ-கோர்ட்ஸ்' இணையதளத்தில் பெயரையோ வழக்கு எண்ணையோ கொடுத்துத் தேடலாம். பழைய வழக்கு அதில் கிடைக்காவிட்டால், அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். சிறு வழக்குகளின் கட்டுகளை விதிப்படி சில ஆண்டுகளில் அழித்துவிடுவார்கள். அப்படியென்றால் 'ஆவணம் அழிக்கப்பட்டது' என்று எழுதி மனுவைத் திருப்புவார்கள். அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் தேடினீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. தீர்ப்பு தமிழில் இருந்தால் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

பாலக்கோட்டுக்காரருக்கு நகல் கிடைத்தது. இந்திய தண்டனைச் சட்டம் 323ஆவது பிரிவு, சாதாரணக் காயம் விளைவித்தல், அபராதம் 500 ரூபாய். இந்தப் பிரிவுக்கு அதிகபட்சச் சிறை ஓராண்டு. இனி அமெரிக்கச் சட்டத்தைப் பாருங்கள். ஒழுக்கக்கேடான குற்றம் செய்தவர்களுக்கு அங்கே நுழைவு மறுக்கப்படும். மோசடி, திருட்டு போன்றவை அந்த வகை. சாதாரணக் கைகலப்பு பொதுவாக அதற்குள் வராது. வந்தாலும், ஒரே ஒரு குற்றம், அதற்குரிய அதிகபட்சத் தண்டனை ஓராண்டுக்கு மேல் இல்லை, விதித்த தண்டனை ஆறு மாதத்துக்கு மேல் இல்லை என்றால் அதைச் சிறு குற்றமாக விலக்கிவிடுவார்கள். அதாவது, உண்மையைச் சொன்னால் இவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்து விசா வாங்க முயன்றதாக முடிவானால் அதே சட்டம் வாழ்நாள் தடை விதிக்கும்.

யாருக்குத் தெரியப்போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இன்று தெரியாமலே போகலாம். சில ஆண்டுகள் கழித்து மகள் குடியுரிமை பெற்று, பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மனுப் போடுவாள். அப்போது காவல்துறைச் சான்று கேட்பார்கள். தண்டனை இருந்தால் நீதிமன்ற ஆவணமும் கேட்பார்கள். பழைய விண்ணப்பத்தில் 'இல்லை' என்று எழுதியது அங்கே இருக்கும். ஐந்நூறு ரூபாய் அபராதத்தை மறைக்கப் போய், மகளோடு வாழும் வழியை அடைத்துக்கொள்ளலாமா? விண்ணப்பத்தை நிரப்பியது ஏஜென்டாக இருந்தாலும் உறுதிமொழி உங்களுடையது. உங்களுக்கு உதவியவர் யார் என்றுகூட அந்த விண்ணப்பத்தில் கேட்கிறார்கள்.

நாட்டுக்கு நாடு கேள்வியின் சொற்கள் மாறும். ஒவ்வொரு சொல்லையும் படியுங்கள். அமெரிக்கா 'கைது' என்று கேட்கிறது. ஆகவே கைதாகிப் பிறகு விடுதலை ஆனவரும் 'ஆம்' என்று சொல்லி, விடுதலைத் தீர்ப்பை நேர்காணலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பிரிட்டன் தண்டனைகளோடு, வாகன இன்சூரன்ஸ் இல்லாததற்குக் கட்டிய அபராதம் போன்றவற்றையும் கேட்கிறது. சுற்றுலா விசாவுக்குப் போகிறவர் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றிருந்தால் மறுத்துவிடுவார்கள். அபராதம் மட்டும் என்றால், தீர்ப்பு நாளிலிருந்து 12 மாதம் கடந்திருக்க வேண்டும். பொய் சொல்லிப் பிடிபட்டால் பத்தாண்டுத் தடை வரலாம். கனடாவில் அது ஐந்தாண்டு. ஆஸ்திரேலியாவில் மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் நன்னடத்தைச் சோதனையில் தேறுவது கடினம்.

கனடா பற்றி இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஒசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் காதில் இது விழ வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டி அபராதம் கட்டுவதை இங்கே பெரிதாக நினைப்பதில்லை. 2018 டிசம்பர் 18 முதல் கனடாவில் அது பத்தாண்டு வரை சிறை விதிக்கக்கூடிய கடுங்குற்றம். நம் ஊரில் கட்டிய அபராதத்தையும் தங்கள் சட்டத்தின் அளவுகோலால் அளப்பார்கள். சிறு குற்றங்களுக்குப் பத்தாண்டு ஓடினால் தானாகத் தடை நீங்குவதுபோல, இதற்கு நீங்காது. தனியாக மனுச் செய்து அனுமதி பெற வேண்டும்.

வழக்கு இன்னும் நடக்கிறதென்றால் விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் நின்றுவிடும். வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் ஒரு பகுதி என்று மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆனாலும் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம். இதற்கு வழி இருக்கிறது. விசாரிக்கும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வெளிநாடு செல்ல அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் தருவார்கள். 1993ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை அதற்கு இடம் கொடுக்கிறது. நீதிமன்றம் காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் தருவார்கள். எனவே மனுவிலேயே எத்தனை ஆண்டு வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். எப்.ஐ.ஆர். மட்டும் போட்டு விசாரணையில் இருக்கும் வழக்கை நிலுவை வழக்காகக் கொள்ளக்கூடாது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் குறிப்பாணை அனுப்பியிருக்கிறது. வழக்கை மறைத்துப் பாஸ்போர்ட் வாங்கினால் அதை முடக்கலாம். இரண்டாண்டு வரை சிறையும் உண்டு.

அந்த விவசாயி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். 'ஆம்' என்றே எழுதினார். சென்னையில் துணைத் தூதரக நேர்காணலில் அதிகாரி கேட்டதற்கு, "வரப்புச் சண்டை, அடித்துக்கொண்டோம், அபராதம் கட்டினேன்" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாக மூன்றே வாக்கியத்தில் சொல்லி நகலை நீட்டியிருக்கிறார். அன்றே விசா கிடைக்கவில்லை. சில வாரம் காக்க வைத்தார்கள். மனைவியின் விசா முதலில் வந்தது, அவருடையது பிறகு வந்தது. அந்த நாட்களில் தினமும் எனக்குப் போன் செய்வார். விமானம் இறங்கும் இடத்திலும் கேட்கக்கூடும் என்பதால் நகலைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று நகல் வாங்காமல் இருந்துவிடாதீர்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். போகும்போது எந்தக் காவல் நிலையம், எந்த ஆண்டு, யார் யார்மீது வழக்கு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தேடுவதற்கு அது போதும். வணக்கம்.