காய்ச்சலும் பாய்ச்சலும்: எலும்புக்குள் ஒரு ஹார்மோன்

(மன்னார்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எலும்பைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தீர்கள். கறிக்கடையில் கேட்டு வாங்கிய ஆட்டுத் தொடையெலும்பு ஒன்றை நெடுக்காக அறுத்து, வேகவைத்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். வெளிச்சுவர் தந்தம் போல இறுகியிருக்கிறது. முனைப்பக்கம் உள்ளே, முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு போல வலைவலையாக இருக்கிறது. கல்லைப் போலத் தோன்றும் இந்தப் பொருள், உயிரோடு இருக்கும்வரை ஒருநாளும் சும்மா இருப்பதில்லை.

நம் உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு, ஏறத்தாழ ஒரு கிலோ, எலும்பில்தான் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஓடும் சொற்பக் கால்சியம்தான் உயிருக்கு அவசரமானது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் அது 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பே தடுமாறும். இந்த அளவைக் காப்பவை, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணியைவிடச் சற்றே பெரியது. மனித உடலில் இப்படியொரு சுரப்பி இருக்கிறது என்று 1880இல் விரிவாக எழுதியவர் சுவீடன் நாட்டின் இவார் சாண்ட்ஸ்ட்ராம். ரத்தத்தில் கால்சியம் சிறிது இறங்கினாலும் இவை உடனே உணர்ந்து, 84 அமினோ அமிலங்களால் ஆன பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கின்றன. சில நிமிடங்களில் சிதைந்துவிடும் அளவுக்கு அற்பாயுள் கொண்ட ஹார்மோன் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எலும்பில் மூன்று வகைச் செல்கள் வேலை பார்க்கின்றன. அமிலம் சுரந்து பழைய எலும்பை அரித்தெடுப்பது ஆஸ்டியோகிளாஸ்ட். அரித்த பள்ளத்தில் புது எலும்பை நிரப்புவது ஆஸ்டியோபிளாஸ்ட். கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து, நுண்ணிய கால்களை நீட்டி நிலவரம் அறிந்துகொண்டிருப்பது ஆஸ்டியோசைட். ஆற்றங்கரை உடைப்பைச் சரிசெய்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இளகிய மண்ணை வெட்டி எடுத்த பிறகுதானே புதுமண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துவோம்? இங்கும் அப்படித்தான். ஆனால் வெட்டும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பும் வேலைக்கு மூன்று, நான்கு மாதங்கள் ஆகும்.

என்னை இன்றும் வியக்கவைக்கும் செய்தி ஒன்று உண்டு. கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்கு அனுப்பச் சொல்லும் இந்த ஹார்மோன், எலும்பை அரிக்கும் செல்லிடம் நேராகப் பேசுவதில்லை. அதைக் கேட்கும் காது, அதாவது ஏற்பி, கட்டும் செல்லிடமும் புதைந்திருக்கும் செல்லிடமும்தான் இருக்கிறது. அவை ஹார்மோனின் சேதியைப் பெற்று, ராங்கிள் என்ற புரதத்தைக் கூட்டி, அதைத் தடுத்துவைக்கும் ஆஸ்டியோபுரோட்டிஜெரின் என்ற புரதத்தைக் குறைக்கின்றன. அதன் பிறகே அரிக்கும் செல்கள் முதிர்ந்து வேலைக்கு வருகின்றன. அதே நேரத்தில் ஆஸ்டியோசைட்டுகள், எலும்புக் கட்டுமானத்துக்குக் கடிவாளமாக இருக்கும் ஸ்கிளிரோஸ்டின் சுரப்பதையும் குறைத்துக்கொள்கின்றன. ஆக, வெட்டவும் கட்டவும் ஒரே கையிலிருந்துதான் உத்தரவு போகிறது.

அப்படியானால் இறுதியில் எது மிஞ்சும்? இதற்கு விடை சொல்ல உங்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. வயலில் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால் வேர் அழுகும். பாய்ச்சி, காயவிட்டு, மறுபடி பாய்ச்சினால் பயிர் தூர் கட்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த ஹார்மோனும் அப்படியே. இரவு பகலாக ரத்தத்தில் உயர்ந்தே நின்றால் வெட்டும் கை ஓங்கி, வெளிச்சுவர் முதலில் மெலிகிறது. நாளுக்கொரு முறை வந்து, சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால் கட்டும் கை ஓங்குகிறது. டெரிபாராடைட் என்ற மருந்து இந்த ஹார்மோனின் முதல் 34 அமினோ அமிலங்கள் மட்டுமே. 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாளுக்கு 20 மைக்ரோகிராம் ஊசியாகப் போடப்படும்போது, மெலிந்த எலும்பை அது மீண்டும் வளர்க்கிறது.

நம் பகுதியில் 'எலும்பு தேய்மானம்' என்ற ஒரே சொல்லால் மூட்டுக் குருத்தெலும்பு தேய்வதையும், எலும்பே மெலிந்து புரையோடுவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் பழக்கம். இரண்டும் வேறு நோய்கள், சிகிச்சையும் வேறு. இந்த ஹார்மோன் உயர்ந்து நிற்பதற்கும் காரணங்கள் பல. வெயில் படாமல் வைட்டமின் டி குறைந்திருக்கலாம், சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம், மூன்று வேளையும் சோறு மட்டுமே உண்டு, கேழ்வரகோ பாலோ முள்ளோடு தின்னும் நெத்திலியோ இல்லாத சாப்பாடாக இருக்கலாம், சுரப்பியிலேயே கட்டி இருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதற்கு ஓர் அம்மாவைச் சொல்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவுக்குப் போய்ப் பழகியவர். முதுகுவலி, சிறுநீரகக் கல். தேய்மானம் என்று நம்பி, பல ஆண்டுகள் கால்சியம் மாத்திரை விழுங்கியிருந்தார். சோதித்தால் ரத்தத்தில் கால்சியம் 12. அந்த அளவில் ஹார்மோன் அடங்கிப்போயிருக்க வேண்டும், அவருக்கு அடங்கவில்லை. ஒரு சுரப்பி மட்டும் சுண்டைக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். மறுநாள் இரவு, "வாயைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு டாக்டர், விரலெல்லாம் மரத்துப் போவுது" என்றார். அற்பாயுள் என்றேனே, சுரப்பியை எடுத்ததும் உயர்ந்து நின்ற ஹார்மோன் சில நிமிடங்களில் இறங்கிவிட்டது. அதோடு வெட்டும் வேலை நின்றுவிட்டது; அதுவரை வெட்டிப்போட்ட பள்ளங்களை நிரப்பும் வேலையோ நிற்கவில்லை. ஜூன் மாதத்தில் முதல் தண்ணீரை வெடித்த வயல் எப்படி உறிஞ்சுமோ அப்படி, அவருடைய எலும்பு ரத்தத்திலிருந்த கால்சியத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மூன்று நாள் நரம்பு வழியாகவும், பிறகு பல வாரங்கள் மாத்திரையாகவும் கால்சியம் கொடுத்தோம். அத்தனையையும் எலும்பு வாங்கிக்கொண்டது.