பெட்டி கேஸ்தானே என்று ஒத்துக்கொள்ளும் முன்

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் காலை பத்தரை மணிக்கு நின்றால் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும். "பெட்டி கேஸ்தான் தம்பி, ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போ." பெட்டி கேஸ் என்றால் சின்ன வழக்கு. சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். வழக்கறிஞராக எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு பதறும்.

கம்மவான்பேட்டையை நம்ம ஊரில் ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். அந்தச் சுற்றுவட்டாரத்துப் பையன் ஒருவன். திருவிழாத் தகராறில் கைகலப்பு. இரண்டு வாய்தாவுக்கு அலைந்தான், மூன்றாவதில் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினான். ராணுவ ஆள்சேர்ப்புப் படிவத்தில் 'தண்டனை பெற்றதுண்டா?' என்ற கேள்வியைப் பார்த்தபோதுதான் என்னிடம் ஓடி வந்தான். அபராதமும் தண்டனைதான் என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டவர், தீர்ப்பே தப்பு என்று மேல்முறையீடு செய்யவும் முடியாது. தண்டனை அதிகம் என்று மட்டும்தான் கேட்கலாம்.

சரி, எது சின்னக் குற்றம்? நம் சட்டம் அதை ஒரே கோட்டில் பிரிப்பதில்லை. போலீஸார் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா என்பது ஒரு கேள்வி. ஜாமீன் உரிமையாகக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், கையால் அடித்துக் காயப்படுத்துவது 115(2)-ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸார் அதை விசாரிக்க முடியாது. வழிமறிப்பதற்கு ஒரு மாதம் வரைதான் சிறை, அதற்குப் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். இரண்டுக்கும் ஜாமீன் உரிமை உண்டு. ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழை என்றால் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும்.

115(2)-இல் அடிபட்டவர் சமரசமாகப் போனால் அது விடுதலைக்குச் சமம். அப்புறம் ஏன் எல்லாரும் சமரசம் செய்வதில்லை? தெருச் சண்டை வழக்குகளில் பெரும்பாலும் ஆபாசமாகத் திட்டியதாக 296-ஆம் பிரிவையும் சேர்த்துவிடுகிறார்கள். அதில் சமரசத்துக்கு இடமில்லை, வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். அதனால் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி, என்னென்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

புதிய சட்டத்தில் நான் மனதார வரவேற்பது சமூக சேவைத் தண்டனை. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறை இல்லை, சமூக சேவைதான். குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுப்பவருக்கும் அதை விதிக்கலாம்.

முதல் தடவை மாட்டியவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. இரண்டாண்டுக்கு மேல் சிறை இல்லாத குற்றங்களில், நீதிபதி கண்டித்து அனுப்பிவிடலாம். அந்தத் தீர்ப்பால் தகுதியிழப்பு வராது என்று அதன் 12-ஆவது பிரிவு சொல்கிறது. நீதிபதி தானாகவே நினைத்துக் கொடுப்பார் என்று காத்திருக்காதீர்கள், வக்கீல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அந்தப் பையனுக்கு யாரும் கேட்கவில்லை.

வேலைக்கான படிவத்தில் வழக்கை மறைக்காதீர்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில், அற்பமான வழக்கை மறைத்திருந்தால் வேலை கொடுப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பொறுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தப் பையனை உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னேன், எழுதினான்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? சத்துவாச்சாரி வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100. போகும்போது சம்மனைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவர்களோடு பேசிய பிறகு முடிவு செய்யுங்கள். வணக்கம்.