ரப்பர் பாலும் ஒரு கிராம் அமிலமும்

நேயர்களுக்கு வணக்கம். குமரி மாவட்டத்துக் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் வீடுகளில் ஒரு கேன் ஆசிட் இருக்கும். ஃபார்மிக் அமிலம். முசுறு எறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சிவிட்டுப் போகிறதே, அதே சரக்குதான். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இதைப் பிரித்தெடுத்தார். இப்போது ஆலையில் செய்து, 85 சதவீதச் செறிவில் விற்கிறார்கள்.

ரப்பர் பாலில் மிதக்கும் நுண்ணிய துகள்களைச் சுற்றிப் புரத உறை உண்டு. அதன் எதிர்மின்னேற்றத்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அமிலம் விழுந்ததும் அந்த ஏற்றம் குலைகிறது. துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது.

இதற்கு எவ்வளவு அமிலம் வேண்டும்? தண்ணீர் சேர்த்துப் பதப்படுத்திய பால் ஒரு டிஷ்ஷில், அதாவது உறையவைக்கும் தட்டில், நாலு லிட்டர். உறைந்த கட்டியை மறுநாள் மெஷினில் ஷீட்டாக அடிப்பதானால், அரை சதவீதமாக நீர்த்த அமிலம் சுமார் 200 மில்லி போதும். அதில் உள்ள அசல் அமிலம் ஏறக்குறைய ஒரு கிராம்! கலக்கியதும் நுரையை வழித்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஷீட்டில் குமிழி விழும். சீக்கிரம் உறையட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் கட்டி இறுகிப்போய் மெஷினில் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

விலை குறைவு என்று சிலர் கந்தக அமிலத்துக்குப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபார்மிக் அமிலம் தண்ணீரைப் போலவே 100 டிகிரியை ஒட்டிக் கொதிப்பது. கழுவும்போதும், ஷீட்டைப் புகையில் காயவைக்கும் புகைப்புரையிலும் பெரும்பாலும் போய்விடும். கந்தக அமிலம் கொதிக்க 300 டிகிரிக்கு மேல் வேண்டும். சரியாகக் கழுவாவிட்டால் ஷீட்டிலேயே தங்கி, காய்வதைத் தாமதமாக்கும், ரப்பரையும் கெடுக்கும். கழிவுநீர் தேங்கினால் அழுகிய முட்டை நாற்றம் வேறு.

அப்புறம், கேனைத் திறக்கும்போது கவனம். செறிந்த அமிலம் தோலைப் பொசுக்கும், ஆவி கண்ணைக் கரிக்கும். நாள்பட்டால் மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதனால் காற்றோட்டமான இடத்தில் வைத்து, மூடியை மெதுவாகத் திருகுங்கள். கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். நீர்த்துக் கலக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், அதில்தான் அமிலம். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.